முட்டை உடைக்காத வாய்

அனஹேரா அக்கா,

விடிந்ததும் ஹோஹெபா மாமா தன் நாய் பிரிக்கைச் சுடப்போகிறார். பிரிக் எதுவும் செய்யவில்லை. செய்தது என் நாய் பிப்பி. இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போது மணி ஒன்றரை. முற்றத்து அறையில் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பிப்பியின் கயிற்றைக் கட்டில் காலில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கிறேன். அவள் நன்றாகத் தூங்குகிறாள். நடுநடுவே காலை உதைக்கிறாள். கனவில் எதையோ துரத்துகிறாள் போல. 

உன்னிடம்தான் சொல்லமுடியும். அவளைக் குட்டியாகக் கொண்டுவந்து என் மடியில் போட்டது நீ. பழக்குவது எப்படி என்று சொல்லிக் கொடுத்ததும் நீ. ஆனால் முட்டை வித்தையை நானாகத்தான் சொல்லிக் கொடுத்தேன். முதலில் சுருட்டிய சாக்ஸ். பிறகு தலை வாரும் பிரஷ்; அழுத்திக் கடித்தால் குத்தும், அதனால் மெதுவாகப் பிடிக்கப் பழகிவிடும். பிறகு வேகவைத்த முட்டை. கடைசியில் பச்சை முட்டை. இரண்டே மாதத்தில் கோழிக்கூண்டிலிருந்து என் உள்ளங்கைவரை ஒரு முட்டையைக் கொண்டுவந்து வைத்தாள். விரிசல் இல்லை. எச்சில் மட்டும்தான். அம்மா சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, "இவள வச்சு ஒரு பேக்கரியே நடத்தலாம்டி," என்றாள்.

போன மார்ச்சில், கிவிப் பறவையைக் கண்டால் விலகிப்போக நாய்களைப் பழக்கும் பயிற்சி வந்தது. இங்கே காட்டுப் பக்கம் போகிற நாய் எல்லாமே பயிற்சி முடித்த அட்டை வாங்கவேண்டும் என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பைன் மரங்களுக்குள் பயிற்சிக்காரர் ஒரு பாதை போட்டிருந்தார். பாதையில் அங்கங்கே கிவியின் எச்சம், இறகு, காரில் அடிபட்டுச் செத்து ஐஸ்பெட்டியில் வைத்திருந்த இரண்டு கிவிகள். நாயின் கழுத்தில் ஷாக் பட்டை. நாய் மூக்கை நீட்டினால் அவர் பொத்தானை அழுத்துவார். இந்த வாசனை என்றால் வலி என்று அதற்குப் பதிந்துவிடும்.

எங்களுக்கு முன்னால் கோலினின் டெரியர் போனது. கோலினைத் தெரியுமல்லவா, கிவியைக் காக்கக் காட்டில் எலிப்பொறி வைக்கிற கூட்டத்துக்குத் தலைவர், மழைக்கும் வெயிலுக்கும் ஒரே தொப்பி. அவருடைய நாய் மரங்களுக்குள்ளிருந்து போட்ட சத்தத்தில் வரிசையில் நின்ற எல்லா நாயும் நடுங்கின. பிப்பி என் முழங்காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"பாவம், ரொம்ப அழுவுதே," என்றேன்.

"அழட்டும். கிவி அழுதா யாருக்குக் கேக்குது?" என்றார் கோலின்.

பயிற்சிக்காரர் பிப்பிக்குப் பட்டையை மாட்டி, விரலை விட்டு இறுக்கம் பார்த்துவிட்டு, அடுத்த நாய்க்காரரிடம் பேசப் போனார். அந்த ஒரு நிமிடத்தில் நான் பட்டையை இரண்டு துளை தளர்த்தினேன். அவள் கழுத்து முடி அடர்த்தி என்று உனக்குத் தெரியும். ஷாக் கொடுக்கிற முள் இரண்டும் முடிக்கு மேலேயே நின்றன. தோலில் படவில்லை.

பாதையில் முதல் பறவையை அவள் கவனிக்கவில்லை, என் கையையே பார்த்துக்கொண்டு நடந்தாள். இரண்டாவதில் நின்றாள். மூக்கை நீட்டினாள். பின்னாலிருந்து அவர் பொத்தானை அழுத்தும் சத்தம் கேட்டது. நான் கயிற்றைச் சுண்டினேன். பிப்பி பயந்து பின்னால் துள்ளினாள். திரும்பி வரும்போது அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு வந்தாள், நான் இழுத்த பக்கமாக.

"ஒரே தடவை. புத்திசாலி நாய்," என்றார் அவர். அட்டையில் முத்திரை குத்தும்போது சொன்னார்: "அட்டை இருக்குன்னு ராத்திரி அவுத்து விட்றாத பொண்ணு. கிவிக்குப் படிக்கத் தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அம்மா அந்த அட்டையை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

வீட்டில் சட்டம் ஒன்றுதான்: இருட்டினால் நாய் சங்கிலியில். ஜூலையில் மழை பிடித்தது பார், பதினோரு நாள் விடவில்லை. பிப்பி தன் கூண்டில் ஈரத்தில் முனகிக்கொண்டு கிடந்தாள். அம்மா தூங்கியதும் நான் போய்ச் சங்கிலியைக் கழற்றி அவளை இந்த அறைக்குக் கூட்டிவந்தேன். அம்மா எழுவதற்குள் திரும்பக் கொண்டுபோய்க் கட்டிவிடுவேன். அறைக் கதவு மழையில் ஊதிப்போய்ச் சரியாகச் சாத்தவரவில்லை. ராத்திரி ஒன்றுக்குப் போகவேண்டுமென்றால் அவளே மூக்கால் தள்ளிக்கொண்டு போய் வரட்டும் என்று நான் அதைச் சரிசெய்யவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில், பிப்பி என் கையை நக்கி எழுப்பினாள். கண்ணைத் திறக்காமலே உள்ளங்கையை நீட்டினேன், முட்டைக்கு நீட்டுவதுபோல. கனமாக, வெதுவெதுப்பாக ஏதோ வந்து உட்கார்ந்தது.

"நல்ல பிள்ளை," என்றேன்.

அக்கா, நான் அதைச் சொன்னேன். பார்ப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். அவள் வால் தரையில் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகுதான் கண்ணைத் திறந்தேன். இறகு முடிபோல் இருந்தது. நீளமான மூக்கு என் மணிக்கட்டுக்கு மேல் தொங்கியது. ரத்தம் இல்லை. ஒரு கீறல்கூட இல்லை. தூங்குகிறதோ என்றுகூட ஒரு நொடி நினைத்தேன்.

கிவிகளைக் காக்கிற வேலைக்காகப் பள்ளிக்கூடங்களுக்குப் போகும்போது பிள்ளைகளுக்கு அம்மா சொல்வதை எத்தனை தடவை கேட்டிருப்பேன். "பறக்கற பறவைக்கு நெஞ்சுல கெட்டியா எலும்பும் சதையும் இருக்கும். கிவிக்கு அது கிடையாது. நாய் கடிக்க வேண்டாம். விளையாட்டா வாயில வச்சாலே உள்ள நொறுங்கிடும்." ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்தில் நின்று படத்தைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

அதை எலுமிச்சை மரத்தடியில் புதைத்தேன். சொல்லியிருக்கலாம். அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு பறவையோடு போயிருக்கும். ஆனால் சொன்னால் பிப்பியைக் கொன்றுவிடுவார்கள். கிவியைக் கொன்ற நாயை விட்டுவைக்க மாட்டார்கள், அம்மாவே விடமாட்டாள். இனிமேல் ஒழுங்காகக் கட்டிவைத்தால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எட்டு ராத்திரி கட்டிவைத்தேன். ஒன்பதாவது ராத்திரி ஆலங்கட்டி மழை. அவள் அழுதாள். போய் அவிழ்த்துக்கொண்டு வந்தேன். கதவுக்கு முட்டுக்கொடுக்க நாற்காலியை இழுத்துப் போட்டேன். நாற்காலி போதவில்லை.

இரண்டாவது பறவையின் காலில், இருக்கும் இடத்தைக் காட்டுகிற குட்டி ரேடியோ கட்டியிருந்தது.

அது யார் என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. அம்மா நாலு வருடமாகப் பின்தொடர்கிற ஆண். அதை "மாப்பிள்ளை" என்றுதான் கூப்பிடுவாள். பொண்டாட்டி ஊர் சுற்றுகிறாள், இவன் வீட்டில் உட்கார்ந்து முட்டைக்குச் சூடு கொடுக்கிறான் என்று கேலி செய்வாள். அப்போதும் பொந்தில் இரண்டு முட்டை இருந்தது. ராத்திரி கொஞ்ச நேரம் இரை தேட வெளியே வந்திருக்கிறான்.

ஒரு நாள் முழுக்க அசையாமல் கிடந்தால் அந்த ரேடியோ வேகமாக அடிக்க ஆரம்பிக்கும். இதையும் அங்கேயே புதைத்தால் அம்மா ஏரியலோடு நேரே எலுமிச்சை மரத்துக்கு வந்துவிடுவாள். அது மட்டும்தான் என் தலைக்குள் ஓடியது. பள்ளிக்கூடக் கத்தரிக்கோலை எடுத்து ரேடியோவின் பட்டையை வெட்டினேன். புல்வெளியின் கோடிவரை ஓடி வாய்க்காலில் வீசினேன். மழைத் தண்ணீர் கடலுக்கு அடித்துக்கொண்டு போய்விடும் என்று நினைத்தேன். வாய்க்கால் எங்கே வளைகிறது என்று நினைக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் நானும் அம்மாவும் மேட்டில் நின்றோம். நான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மா ஏரியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றி என் காதில் வைத்தாள்.

"கேளு. எவ்வளவு வேகமா அடிக்குது பாரு. போயிட்டான்டி மாப்பிள்ள."

என் நெஞ்சு அதைவிட வேகமாக அடித்தது. அம்மா என் தோளைப் பிடித்து அணைத்துக்கொண்டாள். நான் அழுவதாக நினைத்தாள்.

சத்தம் எங்கள் வீட்டுப் பக்கம் போகவில்லை. வாய்க்காலோடு இறங்கி, வளைந்து, ஹோஹெபா மாமாவின் நாய்க்கொட்டகைக்குப் பின்னால் கோரைக்குள் போய் நின்றது. அம்மா முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கையை விட்டு எடுத்தாள். பட்டை நேராக, சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தது. அதை டார்ச் வெளிச்சத்தில் ரொம்ப நேரம் பார்த்தாள். அங்கிருந்து ஓடிப்போய்ப் பொந்தில் கைவிட்டு முட்டைகளை எடுத்து ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டாள். வீட்டில் விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தோம். இரண்டும் ஜில்லென்று இருந்தன. ஒன்றில் குஞ்சு பாதி வளர்ந்திருந்தது.

இன்றைக்குச் சாயங்காலம் ஊர் கூடுகிற மரேயின் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம். பூசணி சூப்பும் பொரித்த ரொட்டியும் இருந்தது, யாரும் தொடவில்லை. அம்மா அந்தப் பட்டையை மேசை நடுவில் வைத்தாள். ஹோஹெபா மாமா கடைசியாக வந்தார். ஆபரேஷன் ஆன காலை இழுத்துக்கொண்டு, பன்றி வேட்டைக்குப் போகிற அதே கோட்டோடு.

"உன் பிரிக்கோட அட்டை எப்ப முடிஞ்சுது?" என்று கோலின் ஆரம்பித்தார்.

"ஜூன்ல. ஆஸ்பத்திரில கெடந்தேன். உனக்கே தெரியும். திராட்சைப்பழம் வாங்கிட்டு வந்து நீயே பாதி தின்ன."

ஓரிருவர் சிரித்தார்கள். கோலின் சிரிக்கவில்லை.

"அந்த வாரம் நாய் கட்டுல இருந்துச்சா?"

 மாமா தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். "புதன்கிழமை ராத்திரி கொக்கி ஒடஞ்சு போச்சு. காலைல பாத்தா படிக்கட்டுல படுத்திருந்தான். எங்க போனான், தெரியாது. பொய் சொல்லமாட்டேன்."

புதன்கிழமைதான் அக்கா. ஆலங்கட்டி மழை பெய்த அதே ராத்திரி.

"சரி, நாய் போச்சு, கொன்னுச்சு. அது நாய்," என்றார் கோலின். "அந்தப் பட்டைய வெட்டினது யாரு? நாய்க்குக் கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியுமா?"

"நான் வெட்டல."

"அப்ப மாப்பிள்ளையே வெட்டிக்கிட்டு உன் கொட்டகைக்குப் பின்னாடி போட்டுட்டுப் போனானா?"

"கோலின், போதும்," என்றாள் அம்மா.

"என்ன போதும் ஹெரா? நாலு வருஷம் நீ அவன் பின்னாடி மழையில நடந்த. நாய் தப்பு பண்ணா சொல்லணும். மறைச்சிட்டு வந்து நம்மகூட உக்காந்து ரொட்டி திங்கக் கூடாது."

மாமா முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவளும் நம்பிவிட்டாள் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

"எங்க மாவோரி ஆளுங்க இந்தப் பறவையோட இறகுல போர்வை நெய்ஞ்சவங்க," என்றார் அவர், யாரையும் பார்க்காமல். "நான் வெட்டல. வெட்டினேன்னு நெனச்சா நெனச்சுக்கோங்க. ஆனா நாய் வெளிய இருந்துச்சு, அது என் பொறுப்பு. காலைல வெளிச்சம் வந்ததும் நானே முடிச்சிடறேன். யாரும் வர வேண்டாம்."

நான் பிப்பியோடு கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆமாம், பிப்பியும் வந்திருந்தாள். அட்டை வைத்திருக்கிற நாய், எல்லோருக்கும் செல்லம். மாமா வெளியே போகும்போது அவள் எழுந்து அவர் கையை முகர்ந்தாள். அவர் குனிந்து அவள் காதைத் தடவினார்.

"நீ இவள நல்லா பழக்கியிருக்க மகளே," என்றார். "எனக்குத்தான் துப்பில்ல."

நான் பிப்பியின் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.  அவர் போய்விட்டார்.

வண்டியில் வரும்போது அம்மா சொன்னாள், "ஹோஹெபா வெட்டியிருப்பார்னு என்னால நம்ப முடியல. ஆனா வேற யாருடி செய்வா?" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பின்சீட்டில் பிப்பி என் கழுத்துக்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டே வந்தாள்.

மணி மூன்றாகப் போகிறது. இவ்வளவு நேரம் நான் என்ன கணக்குப் போட்டேன் என்று உன்னிடம் மறைக்கமாட்டேன். பிரிக்குக்குப் பத்து வயது. எப்படியும் இன்னும் இரண்டு வருடம்தான். பிப்பிக்கு இரண்டே வயது. மாமாவிடம் வேறு மூன்று நாய் இருக்கிறது. எனக்கு இவள் மட்டும்தான். இதையெல்லாம் நினைத்தேன். நினைத்துக்கொண்டு, நாளைக்கே நல்ல பூட்டாக வாங்கிக் கதவுக்குப் போடவேண்டும் என்றும் நினைத்தேன்.

அப்போது வெளியே அந்தச் சத்தம் வந்தது.

பெண் கிவி. அந்தக் கரகரத்த குரல், தொண்டை கட்டியதுபோல. ரொம்பப் பக்கத்தில், எலுமிச்சை மரத்துக்கு அந்தப் பக்கம். அது கூப்பிட்டால் ஆண் விசில் அடித்துப் பதில் கொடுக்கவேண்டும். கூப்பிட்டது. நின்றது. திரும்பவும் கூப்பிட்டது. பதில் இல்லை.

பிப்பி கண்ணைத் திறந்துவிட்டாள். தலையைத் தூக்கி, சத்தம் வந்த பக்கம் பார்க்காமல், என்னைப் பார்த்தாள். முட்டை எடுக்கப் போவதற்கு முன்னால் பார்ப்பாளே, அதே பார்வை. உடம்பு முழுக்க அசையாமல், வால் நுனி மட்டும் லேசாக ஆடியது. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், போய்க் கொண்டுவருவாள். எனக்குப் பிடிக்கும் என்றுதான் கொண்டுவருகிறாள் அக்கா. நல்ல பிள்ளை என்று நான்தானே சொன்னேன். கயிறு விறைத்தது. கட்டில் கால் தரையில் ஒரு அங்குலம் நகர்ந்தது.

எத்தனை பூட்டுப் போட்டாலும் என்றைக்காவது ஒருநாள் நான் மறந்துவிடுவேன். அவளை அழவிட எனக்கு மனசு வராது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் ஹோஹெபா மாமாவுக்கு போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். அவரும் தூங்கவில்லை.

"மாமா, நான் பியாட்டா."

"என்ன மகளே, இந்நேரத்துல? அம்மாவுக்கு ஒடம்பு ஏதும்…"

"பிரிக்க சுடாதீங்க. பிரிக் செய்யல. பிப்பி செஞ்சா. ரெண்டு தடவை. ரெண்டையும் நான்தான் பொதச்சேன்."

அந்தப் பக்கம் ஒரு சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டது. பிரிக் அவர் காலடியில்தான் படுத்திருக்கவேண்டும்.

"பட்டைய?"

"நான்தான் மாமா வெட்டினேன். வாய்க்கால்ல போட்டேன். உங்க பக்கம் போகும்னு தெரியாது."

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது.  

"அங்க கூடத்துல நீ ஒக்காந்திருந்த," என்றார்.

"ஆமா."

"நான் உன் நாயத் தடவிக் குடுத்தேன்."

"ஆமா மாமா."

"இவனுக்கு ஈரல் வேக வச்சேன். கடைசியாச்சேன்னு. தின்னுட்டு என் செருப்பு மேல தல வச்சுத் தூங்கறான்." மூக்கை உறிஞ்சினார். கோபமா வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. "நான் உங்கம்மாகிட்ட சொல்ல மாட்டேன். நீ சொல்லணும். இப்பவே எழுப்பிச் சொல்லு. வெளிச்சம் வந்ததும் நான் அங்க வருவேன்."

"துப்பாக்கியோடயா மாமா?"

"அத உங்கம்மா சொல்லட்டும்," என்றார். போனை வைத்துவிட்டார்.

இப்போது மணி மூன்றரை. அம்மாவின் அறை இருட்டாக இருக்கிறது. எழுந்து விளக்கைப் போட்டதும், வெளியே போகிறோம் என்று பிப்பி நினைத்துக்கொண்டாள். கயிறு எட்டுகிற தூரத்தில் கிடந்த என் ரப்பர் பூட்ஸில் ஒன்றை எடுத்துக்கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள். தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு பல் தடம்கூட இல்லை. வாலை ஆட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் திரும்பிப் போய் இன்னொரு பூட்ஸையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

இரண்டையும் மாட்டிக்கொண்டேன். கயிற்றைக் கட்டில் காலிலிருந்து அவிழ்த்து என் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டியிருக்கிறேன். அம்மாவை எழுப்பப் போகிறேன்.

பியாட்டா